கசெட்டின் மற்றப் பக்கம்

றிஸ்மியாட வாப்பாவுக்கு,

சாய்ந்தமருதுக்கு, மூத்தவ ராத்தா வீட்டுக்குப் போகிறேன். சோறும் மீனாணமும் மூடி வைத்திருக்கிறேன். கதவுப் பூட்டின் திறப்பு சன்னலில்.

வோக்மேனுக்குப் புதுப் பெற்றரி போட்டிருக்கிறேன். பேச்சுப் பயிற்சி மிஸ் சொன்னபடி ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடி, நான் பதிந்து வந்த மீன்சந்தைக் கசெட்டைக் கேளுங்கள். சந்தையில் நிற்பதாக நினைத்துக் கதைக்க வேணும்.

உங்களுக்குப் பாரிசவாதம் வந்து, பேச்சுக் குழறி ஆறு மாதம். நேற்று கசெட்டில் மீன்காரர் ஸலாம் சொன்னதும் "வஅலைக்குமுஸ்ஸலாம்" என்று முழுசாகச் சொன்னீர்கள். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். நான் சொன்னால் தலையை மட்டும் ஆட்டுகிறீர்கள்.

பி.கு: மற்றப் பக்கத்தில் நான் ஸலாம் சொல்லிப் பதிந்திருக்கிறேன். பதில் சொல்வது கடமை. வீட்டில் யாரும் இல்லை, வெட்கப்பட வேணாம்.

அஸர் தொழுகை நேரத்துக்கு வந்து நேரிலும் ஸலாம் சொல்வேன். அப்போது ஹெட்போனைக் கழற்றி வையுங்கள்.