வைக்கோல்போரை அடிக்கத் தெரியாத வில்லாளி

பிரான்சு நாட்டுக் கலே கோட்டைக்கு வெளியே, பாளையம்
மிக்கேல் சம்மனசு திருநாளுக்கு மறுநாள், 1346

இடோனிக்கு,

ஹாமோ சொல்லச் சொல்ல, எங்க படையில பேர்ப்பட்டியல் எழுதற பீட்டர் எழுதறார். உயிரோட இருக்கேன். நம்ம தார்ன்லே ஊரே கூடித் தெச்சுக் கொடுத்த பஞ்சுச் சட்டை ரெண்டு இடத்துல கிழிஞ்சிருக்கு, உடம்புல கீறல் இல்லே.

பெரிய சண்டை நடந்தது. முதல்ல மழை. நாணைக் கழட்டித் தொப்பிக்குள்ள வெச்சுக் காப்பாத்தினோம். அப்புறம் பிரெஞ்சுக்காரன் குதிரை மேல வந்தான். எங்க இருபது பேருக்குத் தலைவர், “இழு! விடு!”ன்னு கத்துவார். வானத்தைப் பார்த்து விடணும், அவ்வளவுதான். யாரும் குறி பார்க்கலே. எவன் அம்பு தூரமாப் போகுதுன்னுதான் பேச்சு. என்னுதுதான் போச்சு. சாயங்காலம் அந்த மைதானத்துல பார்த்ததைச் சொல்ல மனசு வரலே.

பிப்ரவரியில மெழுகுதிரித் திருநாளோட படையில என் முறை முடியுது. விருப்பப்பட்டவன் இன்னொரு வருஷத்துக்குக் கைநாட்டு வைக்கலாமாம். வைக்கலாம்னு இருக்கேன். இங்கே என்னைப் பார்த்துச் சிரிக்கிறவங்க யாரும் இல்லே.

ஹாமோ

தார்ன்லே
மார்ட்டின் திருநாள்

என்னங்க,

‘அன்புள்ள’ன்னு ஒரு வார்த்தை போட்டா மசி தீர்ந்துடுமா? பங்குச்சாமி படிச்சுக் காட்டினதும் அழுதேன், அப்புறம் கோபம் வந்துடுச்சு. படைக்கு ஆள் எடுக்க வந்த அதிகாரிகிட்டே நான் என்ன பொய்யா சொன்னேன்? “இந்தாளு வைக்கோல்போரைக்கூட அடிக்க மாட்டார், போன ஞாயிறு வில் பயிற்சியில என் வாத்தைக் கொன்னார்”னு சொன்னேன். வாத்து செத்தது நிஜம்தானே? அந்தக் கடங்காரன் உங்க புஜத்தைப் பிடிச்சுப் பார்த்து, “இழுத்தாப் போதும்மா, குறி எதுக்கு?”ன்னுட்டான்.

பன்றியை உப்புப் போட்டு வெச்சாச்சு. ஆப்பிள் நல்லாக் காய்ச்சிருக்கு. ஒழுங்கா வந்து சேருங்க.

இடோனி

கலே பாளையம்
கிறிஸ்துமஸ் முடிஞ்ச மூணாம் நாள்

இடோனிக்கு,

பொய் சொன்னேன்னு நான் சொல்லலே. ஊர் மொத்தமும் கோயில் வெளியில நின்னு சிரிச்சுதே, அதைச் சொல்றேன். உன் அண்ணன் கண்ணுல தண்ணி வர்ற மாதிரி சிரிச்சான். பதினோரு வருஷம் கூட வாழ்ந்தவ என்னை அவ்வளவுதான் மதிச்சியான்னு வலிச்சது. அதான் சொல்லாமக் கிளம்பினேன்.

உன் கடுதாசியைக் கூடாரத்துல பீட்டர் சத்தமாத்தான் படிச்சார். எந்தக் கடுதாசி வந்தாலும் அப்படித்தான், இருபது பேரும் சுத்தி உக்காந்துடுவாங்க. இப்போ எல்லாரும் ‘வாத்து’ன்னு கூப்பிடறாங்க. திருப்திதானே?

மெழுகுதிரித் திருநாள் அன்னிக்குக் கைநாட்டு வைக்கப் போறேன்.

ஹாமோ

தார்ன்லே
மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு அடுத்த வாரம்

பீட்டர் ஐயாவுக்கு,

இது என் வீட்டுக்காரருக்கு. ஆனா இருபது பேரும் கேட்கற மாதிரி நல்லாச் சத்தமாப் படிங்க. கஞ்சி குடிச்சுட்டு இருக்கிறவங்க கிண்ணத்தைக் கீழே வைங்க.

என் புருஷன் ஹாமோவுக்குக் குறி வராது. சரி. ஆனா ஆத்துல வெள்ளம் வந்தப்போ பக்கத்து வீட்டுக் கிழவியைத் தோள்ல தூக்கிட்டு நடந்தவர் அவர். என் ரெண்டு குழந்தைகளைப் புதைச்சப்போ, என்னைப் பேசச் சொல்லாமப் பக்கத்துல உக்காந்திருந்தவரும் அவர்தான். அவரைக் கூட்டிட்டுப் போகக் கூடாதுன்னு அந்த அதிகாரிகிட்டே குருடன்னு சொல்லியிருப்பேன், குஷ்டரோகின்னும் சொல்லியிருப்பேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்கலே, அது என் தப்பு. ஊர் முன்னாடி அவமானப்படுத்தினேன், அதனால படை முன்னாடி மன்னிப்புக் கேட்கறேன்.

பொறந்ததுலேர்ந்து நான் யார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டதில்லே. இதை எழுதற பங்குச்சாமியே இறகைக் கீழே வெச்சுட்டு என்னைப் பார்க்கிறார்.

என்னங்க, வாங்க.

உங்க இடோனி

கலே பாளையம்
மெழுகுதிரித் திருநாள்

என் அன்புள்ள இடோனி,

பீட்டர் படிச்சு முடிச்சதும் ஒருத்தன், “இன்னொரு தடவை படிங்க”ன்னான். மூணு தடவை படிச்சாச்சு. நான் கூடாரத்துக்குப் பின்னால போய் நின்னு மூக்கைச் சிந்திட்டு வந்தேன்.

இன்னிக்குக் காலையில தலைவர் காகிதத்தை நீட்டினார். “என்னடா, பெருவிரலை மசியில தோய்”ன்னார். கையைப் பின்னால கட்டிக்கிட்டேன். அவரும் கடுதாசியைக் கேட்டவர்தான். “போடா, போ”ன்னு சிரிச்சுட்டு அடுத்தவனைக் கூப்பிட்டார்.

வியாழக்கிழமை கப்பல். இதுக்குப் பதில் எழுத வேண்டாம், நேர்ல சொல்லு.

உன் ஹாமோ