படுக்கையறைக்குள் ஒரு தோட்டம்

மயூர் விஹார், தில்லி
நவம்பர் 24

அன்பு மகள் சுஜாதாவுக்கு அப்பா எழுதுவது. நாகர்கோவிலில் மழை விட்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா? நான் சௌக்கியம். அம்மாவும் சௌக்கியம் என்று எழுத ஆசைதான், முடியவில்லை. போனில் சொல்லலாமென்றால் அவள் பக்கத்திலேயே நிற்கிறாள், அதனால்தான் கடிதம்.

தீபாவளிப் புகையில் அம்மாவுக்கு மூச்சிரைப்பு வந்ததும், இரண்டு மாதம் நாகர்கோவிலுக்கு அனுப்புங்கள் என்று நீ கெஞ்சினாய். நான்தான் வீம்பாக, நல்ல காற்றை இங்கேயே உண்டாக்குகிறேன் என்றேன். செடி பிராணவாயு தரும் என்று நம் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். வாழ்நாளெல்லாம் சர்க்கார் ஃபைல் பார்த்தவன் ஒரு ஃபார்வர்டை நம்பி, பால்கனித் தொட்டிகளையெல்லாம் படுக்கையறைக்குள் அடுக்கி, ஜன்னல் இடுக்கில் டேப் ஒட்டி, கனமான திரையும் போட்டேன். அம்மா கறிவேப்பிலைச் செடியை விலக்கிக்கொண்டுதான் கட்டிலுக்குப் போக வேண்டியிருந்தது. எப்படி இருக்கிறது என்று கேட்டால், இப்போ கொஞ்சம் தேவலைங்க என்பாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் இலைகள் மஞ்சளாகி உதிர ஆரம்பித்தன. தண்ணீர் விட்டேன், உரம் போட்டேன், பிறகு ஏன் என்ற கேள்வி என்னை விடவில்லை. உன் பழைய பள்ளிப் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். இலை தனக்குத்தான் சமைத்துக்கொள்கிறதாம். காற்றிலிருந்து கரியமில வாயு, வேரிலிருந்து தண்ணீர், அடுப்புக்கு வெயில். பச்சையம் பிடித்த வெளிச்சம் தண்ணீரை உடைக்கிறது, சர்க்கரை உண்டாகிறது, மிஞ்சும் பிராணவாயு வெளியே வருகிறது. கரியமில வாயுதான் பிராணவாயுவாக மாறுகிறது என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன். செய்தே பார்த்துவிடுவோம் என்று மார்க்கெட்டில் மீன்தொட்டிக் கடைக்குப் போய் வேலம்பாசி வாங்கினேன். மச்சிலி எங்கே அங்கிள் என்று கடைக்காரர் கேட்டார், மீன் வேண்டாம் பையா, பாசி போதும் என்றதற்கு ஒரு மாதிரி பார்த்தார். தண்ணீர் பாட்டிலில் பாசியைப் போட்டு வெயிலில் வைத்தேன். தண்டிலிருந்து பொடிப்பொடிக் குமிழ்கள் வரிசையாக ஏறின சுஜா. துண்டால் மூடினால் கொஞ்ச நேரத்தில் அடங்கியது, எடுத்தால் மறுபடி ஏறியது. காபி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பாட்டிலைப் படுக்கையறைக்குள் கொண்டுபோனேன். ஒரு குமிழ்கூட வரவில்லை. இருட்டில் செடியும் நம்மைப்போல் பிராணவாயுவை இழுத்துக்கொண்டுதான் இருக்குமாம். அப்படியானால் அம்மாவுக்கு எப்படித் தேவலை ஆயிற்று?

அன்று மத்தியானம் குளியலறையில் குழாய் வெகுநேரம் கொட்டிக்கொண்டிருந்தது. நிறுத்தலாம் என்று போனேன். உள்ளே அம்மா இருமிக்கொண்டிருந்தாள், எனக்குக் கேட்கக் கூடாதென்று குழாயைத் திறந்துவிட்டு. எனக்கு அழுகை வந்துவிட்டது. மறுநாளே டாக்டரிடம் அழைத்துப்போனேன், அவரிடமும் தேவலை என்றே சொல்லிப் பார்த்தாள். மூடிய அறையில் ஈர மண்ணோடு படுத்தது இன்னும் கெடுதல், பொங்கல் வரையாவது ஊரை விட்டு அழைத்துப் போங்கள் என்றார். தொட்டிகளை வெளியே எடுத்துவிட்டேன்.

இருவருக்கும் உடனே டிக்கெட் போட்டுவிடு, நான் வராவிட்டால் அவள் நகரமாட்டாள். செடிகளுக்கு மாடிவீட்டு மாதங்கி தண்ணீர் விடுவாள். நீ நோய்நொடி இல்லாமல் மனநிறைவோடு நீண்ட நாள் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே. அம்மாவிடம் பேசும்போது, எனக்குத் துணைக்கு வா என்று கூப்பிடு. நாகர்கோவிலில் காற்று நன்றாக இருக்கும் என்று சொல்லிவிடாதே. சொன்னால், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, இங்கேயே தேவலை என்பாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
வேணு