அந்த வார் உங்கள் கைத்தையல் அல்ல

பாய்,

போன வாரம் தருமபுரி பேருந்து நிலையத்தில் என் செருப்பு அறுந்துவிட்டது. தைத்துக் கொடுத்தவர் நூலைத் தேன்மெழுகில் வைத்து இழுத்தார். அந்த வாசனை மூக்கில் பட்டதும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. இனிமேல் நீங்கள் படிக்கப்போவதில்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளில் நாம் கூட்டாக நடத்திய தோல்பைக் கடையில் வேலை பிரிந்தே இருந்தது. பையின் உடம்பை நான் மெஷினில் அடிப்பேன். தோளில் மாட்டும் வாரை நீங்கள் கையால் தைப்பீர்கள். ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, இரண்டையும் ஒரே துளையில் எதிரெதிராக இழுப்பீர்கள். ஒரு தையல் அறுந்தாலும் அடுத்தது பிடித்துக்கொள்ளும். மெஷின் தையல் அப்படியில்லை, ஓரிடத்தில் விட்டால் கழன்றுகொண்டே போகும். "மெஷின் ஓடட்டும், வேணாங்கல. தூக்குற எடம் மட்டும் எங் கையில இருக்கட்டும்ப்பா" என்பீர்கள். எனக்கு உள்ளூர எரிச்சல்தான். அரை நாளில் நீங்கள் ஒரு வார் முடிப்பதற்குள் நான் நாலு பை அடித்துவிடுவேன்.

நீங்கள் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குப் பாப்பிரெட்டிப்பட்டி போன அன்று, பென்னாகரத்து நர்சம்மாவின் பை பாக்கி இருந்தது. மறுநாள் வாங்க வருவதாகச் சொல்லியிருந்தார். வாரை நானே மெஷினில் அடித்தேன். அதோடு விட்டிருக்கலாம். தையலின் மேல் மெழுகைத் தேய்த்து, முடிவில் நீங்கள் எப்போதும் திருப்பிப் போடும் மூன்று தையலையும் ஊசியால் போட்டுவைத்தேன். பாய் கைத்தையல் என்று சொல்லியே கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து அவர் அறுந்த வாரோடு வந்தார். மலை இறங்கும்போது பை பாறையில் விழுந்து மருந்துக் குப்பிகள் எல்லாம் உடைந்துபோயிருந்தன. ஊசி போடக் கைக்குழந்தைகளோடு காத்திருந்த தாய்மார்களை வெறும் கையோடு திருப்பி அனுப்பினாராம். "உங்க கைத்தையல்னு நம்பித்தானே பாய் வாங்குனேன்" என்றார்.

நீங்கள் வாரைத் திருப்பி அடிப்பக்கத்து நூலைப் பார்த்தீர்கள். மெஷின் தையலில்தான் அடிநூல் இப்படித் தனியாகக் கிடக்கும். அதைப் பார்த்தால் போதும், உங்களுக்குத் தெரிந்துவிடும். என்னைப் பார்க்கவே இல்லை.

"எங் கைதாங்க தப்பிடுச்சு. வேற தெச்சுத் தர்றேன், நாளைக்கு வாங்க."

எனக்கு அப்போது வந்தது வெட்கம் இல்லை, நிம்மதி. அதை நினைத்தால் இன்றும் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. அவர் போனதும் பேச வாயெடுத்தேன். "அந்த மெழுகு நூல எடு" என்றீர்கள், அவ்வளவுதான்.

பேச்சு பரவியது. பாய்க்குக் கண் மங்கிவிட்டது என்றார்கள், வாரையும் மெஷினிலேயே அடித்துக் கொடு என்று என்னிடம் கேட்டார்கள். நானும் அடித்துக் கொடுத்தேன். அந்த வருடம் முடிவதற்குள் நீங்கள் வாணியம்பாடியில் ஒரு கம்பெனிக்குத் தோல் வெட்டப் போய்விட்டீர்கள். அங்கே உங்கள் ஊசிக்கு வேலை இல்லை. நான் ஒருமுறைகூட வந்து பார்க்கவில்லை.

நீங்கள் போன பிறகு துக்கம் கேட்கத்தான் வந்தேன். உங்கள் மனைவி டீ கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

"கடைசி வரைக்கும் ஒண்ணயே சொல்லிட்டிருந்தாருப்பா. பென்னாகரத்து நர்சம்மா பையில மட்டும் எங் கை தப்பிடுச்சுன்னு. அது நெசமா தம்பி? நீ கூடவே இருந்தியே."

உங்கள் வீட்டில்கூட நீங்கள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்ற ஒரு வார்த்தை போதும், உங்கள் கை உங்களுக்குத் திரும்பிவிடும்.

"யாருக்கும் ஒண்ணு தப்புறதுதாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன், பாய்.