நீ மாட்டிவிட்டுப் போன ஃபேன்

அன்னூர்,
28.7.1996

அன்பு மகள் கயல்விழிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தம்பி கதிரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எங்களுக்கு மனசு நிறையும். புனேயில் மழை விடவில்லை என்று எழுதியிருந்தாய். இங்கே மழை இல்லை, ஆடிக் காற்றுதான் ஆளைத் தள்ளுகிறது, மாட்டுக் கொட்டகையின் தகரம் ஒன்று பறந்து பக்கத்துக் காட்டில் போய் விழுந்தது, நல்லவேளை யார் மேலும் படவில்லை. கதிருக்கு மாதப் பரீட்சை நடக்கிறது, கணக்கில் உன்னைப் போல வரவில்லை என்று அவனே சொல்லிக்கொள்கிறான். சிவப்புக் கன்று பால் மறந்துவிட்டது.

இப்போது எழுத உட்கார்ந்ததே ஆசுபத்திரியில் நடந்த ஒன்றை உனக்குச் சொல்லத்தான். புனே வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் நான் ஆயா வேலை பார்க்கிற அந்தப் பிரசவ ஆசுபத்திரி ஜெனரேட்டருக்கு ஒரு பெட்டி செய்து மாட்டிவிட்டுப் போனாயே, அதைப் பற்றி. அதற்கு முன்னால் பட்ட பாடு உனக்குத் தெரியும், கரண்ட் போய் இஞ்சின் கொஞ்ச நேரம் ஓடினால் தண்ணீர் கொதித்து ஆவி பறக்கும், ஆபரேட்டர் காளிச்சாமி ஈரச் சாக்கைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே நிற்பான், ஒரு தடவை கவனிக்காமல் விட்டு இஞ்சினே இறுகிப்போய் வாடகை ஜெனரேட்டர் கொண்டுவர வேண்டியதாயிற்று. நீ வந்து தண்ணீர்க் குழாயில் சூட்டைப் பார்க்கிற சென்சாரைப் பொருத்தி, ரேடியேட்டர் கடை நாசர் பாய் கொடுத்த பழைய கார் ஃபேனைத் தண்ணீர் ஆறுகிற ரேடியேட்டருக்கு முன்னால் மாட்டினாய். எந்நேரமும் சுற்ற வேண்டாமா என்று நான் கேட்டதற்கு, “இஞ்சினுக்குச் சூடு ரொம்பவும் ஆகாது, குளிரும் ஆகாதும்மா, சூட்டுக்குத் தகுந்த மாதிரி அதுவே சுத்திக்கோணும்” என்று சொன்னாய். அதே மாதிரிதான் நடக்கிறது கண்ணு. இஞ்சினைப் போட்டவுடன் ஃபேன் சும்மா இருக்கும், சூடேற ஏற மெதுவாகச் சுற்றும், மத்தியான வெயிலில் வேகமெடுக்கும். இஞ்சினை நிறுத்திய பிறகும் சூடு ஆறும் வரைக்கும் சுற்றிவிட்டுத் தானாக நிற்கும். முதல் வாரம் காளிச்சாமி, “ஆளில்லாம சுத்துதுங்கக்கா, எனக்கு அந்த ரூமுக்குள்ள போகவே ஒரு மாதிரியா இருக்குது” என்றான், நர்சுகள் எல்லாம் சிரித்தார்கள்.

போன வெள்ளிக்கிழமை காற்றில் சாலையோரப் புளியமரக் கிளை ஒடிந்து லைன் மேல் விழுந்து காலையிலிருந்தே கரண்ட் இல்லை. அன்றைக்கென்று நாசர் பாயின் மகள் உம்மல் குல்சும் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள், உன்னைவிட இரண்டு வயது சின்னவள். மத்தியானத்துக்கு மேல் குழந்தையின் நெஞ்சுத் துடிப்பு குறைகிறதென்று டாக்டரம்மா ஆபரேசனுக்கு எடுத்துக்கொண்டார். தியேட்டரில் விளக்கு முதல் ரத்தம் உறிஞ்சுகிற மோட்டார் வரைக்கும் எல்லாம் ஜெனரேட்டரில்தான். நான் துவைத்த துணியைக் காயப்போடப் பின்னால் போனேன், ஷெட்டில் ஃபேன் என்றுமில்லாத இரைச்சலோடு சுற்றுகிறது, உன் பெட்டியில் மஞ்சள் விளக்கு எரிகிறது. பச்சை என்றால் சரி, மஞ்சள் எரிந்து மணி அடித்தால் வந்து பார், சிவப்பு வந்தால் இஞ்சின் தானே நின்றுகொள்ளும் என்று நீ எனக்குச் சொல்லியிருந்தாய். மஞ்சள் எரிந்தால் மணி அடிக்க வேண்டுமே, ஏன் அடிக்கவில்லை என்று பார்த்தால் மணியின் ஒயர் தனியாகத் தொங்குகிறது. காளிச்சாமியைக் கூப்பிட்டுக் கேட்டேன். “நாலஞ்சு நாளா மத்தியானமானா மணி அடிச்சு கொழந்தைகளை எல்லாம் எழுப்பி உட்டுப்போடுதுங்கக்கா, பொட்டியில ஏதோ கோளாறாட்ட இருக்குதுன்னு நாந்தான் கழட்டி உட்டேன்” என்றான். அவன் பொய் சொல்கிறவன் இல்லை, குழந்தைகள் தூங்கட்டும் என்றுதான் செய்திருக்கிறான்.

தியேட்டரில் கத்தி வைத்துவிட்டார்கள் என்று சொன்னதும் அவனுக்கு முகம் மாறிவிட்டது. “செவப்பு எரிஞ்சா இஞ்சின் நின்னு போயிருமுங்க, அந்த ஒயரையும் உருவிப்போட்டா என்ன ஆனாலும் ஓடுமுங்க” என்று பெட்டிக்குக் கை நீட்டினான். எனக்கு என்ன தைரியம் வந்ததோ, நான் பெட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். இஞ்சின் மறுபடி இறுகிப்போனால் பாதி ஆபரேசனில் மொத்தமும் இருட்டாகிவிடுமே, நிற்கப் போகிறதென்று முன்கூட்டியே சொல்கிற ஒன்றை வாயடைத்துவிட்டு என்ன செய்வது என்று கேட்டேன். கேட்டேனே தவிர, கண்ணு, எனக்கே உறுதியில்லை. அவன் சொல்வதும் சரியாக இருந்துவிட்டால், நீ செய்த பெட்டியாலேயே அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால், நாளைக்கு நான் நாசர் பாய் முகத்தில் எப்படி விழிப்பேன் என்றுதான் நினைத்தேன்.

நாங்கள் சத்தம் போட்டது கேட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்த பாயே எழுந்து வந்துவிட்டார். “ஏனுங்கம்மா, என்னாச்சுங்க” என்றார். மஞ்சள் விளக்கைக் காட்டினேன். மகள் உள்ளே இருக்கிற நேரத்தில் அந்த மனிதர் வேறெதுவும் கேட்கவில்லை, குனிந்து ஃபேனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். எதிரே இருக்கிற ஜின்னிங் ஃபேக்டரியின் பஞ்சுத் தூசியை இந்த ஆடிக் காற்று வாரிக் கொண்டுவந்து ரேடியேட்டர் முகம் முழுக்க அப்பியிருக்கிறது, வெள்ளைக் கம்பளி போர்த்தியது போல. “பொட்டி மேல தப்பில்லீங்க. மூக்கைப் பொத்திப்போட்டு மூச்சு உடுன்னா எப்படி உடும்” என்றபடி தோள் துண்டால் துடைக்க ஆரம்பித்தார், காளிச்சாமி தென்னை விளக்குமாற்றைக் கொண்டுவந்து கூட நின்றான். நான் உள்ளே ஓடி வார்டு ஃபேன்களையும் டாக்டரம்மா ரூம் ஏசியையும் நிறுத்தச் சொன்னேன், பாரம் குறைந்தால் சூடு குறையும் என்று நீ சொன்னது அப்போது ஞாபகம் வந்தது.

திரும்பி வரும்போது பஞ்சு பாளம் பாளமாக உரிந்து தரையில் கிடக்கிறது, ஆனால் மஞ்சள் போகவில்லை. மூன்று பேரும் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு ஃபேனின் இரைச்சல் கொஞ்சம் இறங்கியது, இன்னும் கொஞ்சம் இறங்கியது, மஞ்சள் அணைந்து பச்சை வந்தது. காளிச்சாமி கீழே கிடந்த பஞ்சைக் கூட்டி அள்ளினான். அதற்கப்புறம் கொஞ்ச நேரத்தில் உள்ளே குழந்தை அழுதது. தாடியெல்லாம் பஞ்சோடு நின்ற பாய் அது வேறு யார் குழந்தையோ என்று நினைத்துக்கொண்டார், உங்கள் பேரக்குழந்தைதானுங்க, உள்ளே போங்க என்று நான்தான் சொன்னேன். பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம்.

டாக்டரம்மா வெளியே வந்து ஏசி ஏன் நின்றதென்று கேட்டபோது மணியைக் கழற்றியது தான்தான் என்று காளிச்சாமி மறைக்காமல் சொல்லிவிட்டான். அவர் திட்டவில்லை, பஞ்சு உள்ளே வராமல் முன்னால் ஒரு வலைக் கதவு போடச் சொன்னார், பாயே அளவெடுத்துச் செய்து கொடுத்துவிட்டார். காளிச்சாமி இப்போது தினமும் அதைக் கூட்டிச் சுத்தம் செய்கிறான். மணியை மாட்டிவிட்டான், ஆனால் சத்தம் குழந்தைகளை எழுப்பாத மாதிரி ஏதாவது வழி உண்டா என்று உன்னிடம் கேட்கச் சொன்னான். பஞ்சு அடைத்தால் அடைப்பு என்று தனியாகச் சொல்கிற சென்சார் இருக்கிறதா என்பது நான் கேட்பது. நீ பக்கத்தில் இல்லாமலேயே உன் கையால் செய்த ஒன்று ஒரு உயிருக்குக் காவல் நின்றதை நான் கண்ணால் பார்த்தேன் சாமி. சூடு ஏறுகிறதை முன்னாலேயே தெரிந்துகொண்டு, தன்னால் முடிந்தவரை குளிர வைத்து, முடியாதபோது விளக்கைக் காட்டி எங்களைக் கூப்பிட்டது. மனிதர்களிலேயே அப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள்.

உன் அப்பா இதையெல்லாம் கேட்டுவிட்டு மறுநாள் காட்டு வேலைக்குப் போகாமல் ஆசுபத்திரிக்கு வந்தார். கரண்ட் இருந்ததால் ஜெனரேட்டர் ஓடவில்லை. எனக்காகக் கொஞ்ச நேரம் ஓட்டிக் காட்டு என்று காளிச்சாமியிடம் கேட்டு, ஃபேன் சுற்றத் தொடங்கி நிற்கிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். ஆவணிக்குள் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வா, உடுமலை வரனை முடிக்கலாம் என்று போன கடிதத்தில் அவர் கண்டிப்பாக எழுதச் சொன்னது உனக்கு வருத்தமாக இருந்திருக்கும். வீட்டுக்கு வரும் வழியில் வரன் வீட்டுக்குப் போன் போடச் சொல்லி என்னை எஸ்.டி.டி. கடைக்குக் கூட்டிப்போனார். “எம்பட புள்ள அங்க வேலைல இருக்குதுங்க, இப்பத்திக்கு வராதுங்க” என்று அவரே பேசினார். பேசிவிட்டு வெளியே வந்தார். பிறகு, வர வேண்டாம் என்று எழுதிவிடு, தீபாவளிக்கு மட்டும் வரச் சொல் என்றார்.

எல்லாத் தெய்வமும் உனக்குத் துணையிருக்கட்டும், நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும். ராத்திரி வேலை இருந்தால் தனியாக நடந்து வராதே, தேங்காயெண்ணெய் தீர்ந்துவிட்டால் எழுது. காளிச்சாமிக்குப் பதில் மறந்துவிடாதே.

உன் அம்மா,
ஆ. மாரியாத்தாள்