ஆள் உயரத்தில் மாட்டிய சென்சார்

உன் பெயர் பொறித்த கேடயம் ஒன்று இன்று காலை என் மேசைக்கு வந்து சேர்ந்தது. புது வார்னிஷ் வாடை துறை அறை முழுக்க நிற்கிறது. சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு கடையில் செய்ததாம். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். பிழை ஒன்றும் இல்லை. மேலே உன் பெயர், அதன் கீழே 'நினைவு விருது', அதற்கும் கீழே 'ஆண்டில் அதிக ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டவருக்கு'. கடைசி வரியைப் படித்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நீ இருந்திருந்தால் இதைக் குப்புறப் போட்டு மேலே டீ கிளாஸை வைத்திருப்பாய்.

அதிகக் கட்டுரை என்ற பேச்சே உனக்கு ஆகாது. சேலத்தில் ஒன்றாக எம்.எஸ்ஸி. முடித்து, இந்தக் கல்லூரியில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். கணிதத்தைப் பயன்பாட்டுக்குக் கொண்டுபோகிறோம் என்று இங்கே எல்லோரும் மார்தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரே முறை, ஒரே அட்டவணை. ஒரு வருடம் அதை வைத்து லாரிக்கு நல்ல வழி கண்டுபிடிப்பார்கள். அடுத்த வருடம் ஜவ்வரிசி ஆலைக்கு நல்ல இயந்திரம். அதற்கடுத்த வருடம் ஆஸ்பத்திரியில் எந்த நோயாளியை முதலில் பார்ப்பது. லாரியையோ ஆலையையோ நோயாளியையோ யாரும் நேரில் போய்ப் பார்த்ததில்லை. எண்களை ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தே போட்டுக்கொள்வார்கள்.

"ஏம்புள்ள, எல்லாம் ஒரே மாவு. ஒரு நாளைக்கு இட்லிங்கறாங்க, ஒரு நாளைக்குப் பணியாரங்கறாங்க. மாவு புளிச்சுப் போச்சுன்னு மட்டும் ஒருத்தருஞ் சொல்ல மாட்டேங்கறாங்க" என்பாய். நானும் அப்போது தறி நெசவுக்கு ஒரு பணியாரம் சுட்டுக்கொண்டுதான் இருந்தேன். எங்கள் வீடு ராசிபுரத்தில் நெசவு வீடு என்பதால் எனக்கு மட்டும் கொஞ்சம் சலுகை கொடுத்தாய். அப்பாவின் தறிச் சத்தத்தையாவது கேட்டு வளர்ந்தவள் என்று.

நீ மோகனூர்ப் பக்கத்துப் பண்ணை வீட்டுப் பெண். சித்திரை வெயிலில் முட்டைக்கோழிகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்குவதைப் பார்த்து வளர்ந்தவள். அதைக் கணக்கில் கொண்டுவர வேண்டும் என்று நினைத்தாய். காலை வெயிலையும் காற்றையும் வைத்து, மதியம் கோழிக் கொட்டகைக்குள் எவ்வளவு சூடு ஏறும் என்று முன்னதாகச் சொல்லிவிட்டால், தண்ணீர் தெளிப்பானை நேரத்தோடு திறந்துவிடலாம். சமன்பாடுகள் உன்னுடையவை, நிரல் என்னுடையது. உன் சித்தப்பாவின் பண்ணையில் நடைபாதைத் தூண்களில் சென்சார்களைக் கட்டினோம். கோடை முழுக்க அங்கேயே கிடந்தோம். என் சேலையில் ஏறிய கோழிப்பண்ணை நாற்றம் போகவில்லை என்று என் மாமியார் தனியாகத் துவைக்கச் சொன்னார்கள்.

கட்டுரை எழுதி முடித்தபோது பெயர்கள் வந்து ஏறின. இங்குள்ள வழக்கம்தான். முதலில் கல்லூரி முதல்வர், அடுத்து துறைத் தலைவர், மூன்றாவதாக நீ, கடைசியில் நான். பண்ணை எந்தத் திசையில் இருக்கிறது என்றே அந்த இருவருக்கும் தெரியாது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. நான் கொதித்தேன். நீ, "பேர் எங்க இருந்தா என்ன புள்ள, கோழி பொழச்சா சரி" என்று சொல்லி என் வாயை அடைத்துவிட்டாய். கட்டுரை நல்ல பத்திரிகையில் வந்தது. அதை வைத்துக் கல்லூரி ஒரு செயலியும் செய்தது. தாளாளர் மேடையில் நின்று பொத்தானை அழுத்தித் தொடங்கிவைத்தார். பச்சை எரிந்தால் பயமில்லை, சிவப்பு எரிந்தால் தண்ணீரைத் திற. அவ்வளவு எளிமை. பண்ணைக்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அடுத்த கோடையில் உன் சித்தப்பா போனில் கூப்பிட்டார். நாம் போய்ச் சேர்ந்தபோது மேல் வரிசைக் கூண்டுகளில் கோழிகள் கழுத்தைத் தொங்கப் போட்டுக் கிடந்தன. ஆட்கள் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர் உன்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் உனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"நீ போட்ட கணக்கு பச்சையக் காட்டுச்சு சாமி. அதாந் தண்ணி தொறக்கல" என்றார்.

நீ தூணிலிருந்த சென்சாரை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டு, தீவன வண்டியின்மேல் ஏறி, கூரைக்குப் பக்கத்தில் பிடித்தாய். எண் ஏறியது, ஏறிக்கொண்டே போனது. அப்போதுதான் நமக்குப் புரிந்தது. குனியாமல், எக்காமல், நின்றபடி படிக்க வசதியாக நாம் சென்சார்களை நம் கண்ணுக்கு நேரே கட்டியிருந்தோம். நடைபாதையில், காற்று ஓடுகிற இடத்தில். ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் சூடு இறங்குகிற மேல் வரிசையில் ஒன்றுகூடக் கட்டவில்லை. ஆளுக்கு எவ்வளவு சுடும் என்று அளந்துவிட்டுக் கோழிக்குச் சொல்லியிருக்கிறோம். சமன்பாடு சரி, நிரல் சரி. கட்டிய இடம் தப்பு.

நீ வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேராகக் கல்லூரிக்கு வந்து திருத்தம் எழுத உட்கார்ந்தாய். கட்டுரையில் பெயர் உள்ள எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான் திருத்தம் வெளியிடுவோம் என்பது பத்திரிகையின் விதி. நீயும் நானும் கையெழுத்துப் போட்டோம். மற்ற இருவரும் போடவில்லை. தரச்சான்றுக் குழு வரப்போகிறது, இந்த நேரத்தில் நம் பெயரை நாமே கெடுத்துக்கொள்வதா என்றார்கள். செயலியை நிறுத்தச் சொன்னதற்கு, தாளாளர் தொடங்கிவைத்ததை நிறுத்த யாருக்குத் துணிச்சல் என்று கேட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கூட்டம் அது. சோறு பற்றாமல் போனால் இன்னொரு படி வடித்துக் கொட்டும்.

நீ விடவில்லை. வாரம் ஒருமுறை துறைத் தலைவர் அறைக்குப் போய் நின்றாய். அதற்குக் கூலி கிடைத்தது. விடுதிப் பொறுப்பு உனக்கு, தேர்வு மேற்பார்வை உனக்கு. கோடை விடுமுறையில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய் நம் கல்லூரியில் சேரச் சொல்லிக் கெஞ்சுகிற வேலையில், எல்லோருக்கும் பக்கத்து ஊர், உனக்கு மட்டும் தொலைவிலிருக்கிற தம்மம்பட்டி. பன்னிரண்டு மணி வெயிலில் ஸ்கூட்டரில் போய் வந்தாய். உன் மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு, சொல்லிவிடுகிறேன். ஒரு நாளாவது அந்த அறையில் நின்று கத்தியிருக்கலாம் நீ. கடைசிவரைக்கும் "ஏனுங்க சார், கையெழுத்துப் போடறீங்களா" என்று மரியாதையாகவே கேட்டுக்கொண்டிருந்தாய்.

தம்மம்பட்டியிலிருந்து திரும்பும்போது லாரி மோதியது. லாரிக்காரரை நான் குறை சொல்லவில்லை. அவர் அழுததை நான் பார்த்தேன். உன்னை அந்தச் சாலையில் நிறுத்தியவர்கள் அழவில்லை. மாலை வாங்கி வந்தார்கள். இரங்கல் கூட்டத்தில் துறைத் தலைவர் கால் மணி நேரம் பேசினார். உன் வாழ்நாள் சாதனை என்று அவர் சொன்னது எதைத் தெரியுமா? அதே கட்டுரையை. நீ தப்பு என்று எழுதிக் கொடுத்த காகிதம் அவர் மேசை இழுப்பறையில் கிடக்க, அவர் மேடையில் அந்தக் கட்டுரையை வானளாவப் புகழ்ந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் சித்தப்பா தலையை நிமிர்த்தவே இல்லை.

காரியம் முடிந்த பிறகு நான் மறுபடியும் அந்தத் திருத்தத்தை எடுத்துக்கொண்டு போனேன். இப்போதாவது போடுங்கள் என்றேன்.

"அவங்களே இல்லாதப்ப அவங்க பேப்பர்ல கை வைக்கறது மரியாதைங்களா மேடம்?" என்றார் துறைத் தலைவர்.

அன்றைக்கு அவர் மேசைக் கண்ணாடியை உடைத்திருக்க வேண்டும். உடைக்கவில்லை. உன் சகவாச தோஷம். உயிரோடு இருந்தவரை நீ கேட்டும் போடவில்லை, இப்போது நீ இல்லை என்பதையே காரணமாக்கிக்கொண்டார்கள். இன்று உன் பெயரில் கேடயம் செய்து, எந்த மாவை நீ புளித்தது என்றாயோ அதை அதிகம் ஊற்றியவருக்குக் கொடுக்கப்போகிறார்கள். அதை எடுத்துக்கொடுக்கும் மரியாதை எனக்காம். மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. வேறு ஆள் பார்த்துவிட்டார்கள்.

பத்திரிகைக்கு நான் தனியாக எழுதிய கடிதத்துக்கும் அதே விதியைத்தான் பதிலாக அனுப்பினார்கள். அதனால் அச்சில் ஏறாத உன் திருத்தத்தை நான் வாயால் சொல்லிக்கொண்டு திரிகிறேன். விடுமுறை நாட்களில் பஸ் ஏறி, பண்ணை பண்ணையாகப் போகிறேன். சிலர் மருந்து விற்க வந்தவள் என்று நினைத்து வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள். சிலர் மோர் கொடுத்துவிட்டு, படித்தவர்கள் செய்தது எப்படித் தப்பாகும் என்று என்னையே சந்தேகமாகப் பார்க்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பரமத்திப் பக்கம் ஒரு பண்ணைக்காரர். நான் சொன்னதையெல்லாம் கடைசிவரை கேட்டார். மேல் வரிசைச் சூடு அதில் வராது, பச்சை எரிந்தாலும் நம்பாதீர்கள் என்றேன்.

"இது தப்புன்னு ஆருங்க கண்டுபுடிச்சது?" என்று கேட்டார்.

"கணக்குப் போட்டவளேதானுங்க" என்றேன்.

அவர் போனை எடுத்தார், அந்தச் செயலியைத் தேடி அழித்தார், போனை மடியில் செருகிக்கொண்டு தண்ணீரைத் திறக்க எழுந்துபோனார். உன் பெயரில் விருது கொடுக்கிறவர்கள் பேனா பிடித்துச் செய்யாததை, உன்னைப் பார்த்தே இராத ஒருவர் கட்டைவிரலால் செய்துவிட்டுப் போனார்.