லேசாக ஆன பிரசவம்

ஜூலை 8, திங்கள்
விடாத மழை. தாராவி முழுக்கத் தண்ணீர், குழாயில் மட்டும் இல்லை.

பால்வாடியில் கவிதாவை நிற்க வைத்து அளந்தார்கள். நாலு வயசுக்கு உயரம் ரொம்பக் கம்மியாம். "எங்க வீட்டுல எல்லாருமே குட்டைதான் டீச்சர்" என்றேன். அந்த அம்மா விடவில்லை. அடிக்கடி வயிற்றுப்போக்கு வருமா, எந்தத் தண்ணீர், பிறந்தபோது என்ன எடை. கடைசியில், "வயித்துல இருக்கையில நீங்க என்ன சாப்பிட்டீங்க?" பிள்ளையை அளக்கக் கூட்டிப் போனால் என் தட்டைப் பற்றி என்ன கேள்வி? எரிச்சலோடு வந்தேன்.

வாங்க: உளுந்து, சோப்பு, கவிதாவுக்குச் செருப்பு. போன வருஷ அளவேதான்.

ஜூலை 9, செவ்வாய்
மழை. கொழுந்தன் பெண்டாட்டி செல்விக்கு ஏழாம் மாதம், மாடி ஏணியில் ஏற விடக் கூடாது.

அந்தக் கேள்வி மண்டையை விட்டுப் போகவில்லை. என்ன சாப்பிட்டேன்? கடைசி மாதங்களில் ஒரு கை சோறு, ரசம். மாமியார் சொன்னது: "நெறயத் தின்னா பிள்ள பெருத்துரும். பொறவு ஆபரேஷன்தாம்ட்டி." ஆபரேஷன் என்றாலே எனக்கு உயிர் போய்விடும். தண்ணீரைக் குடித்துப் பசியை அடக்கினேன். கவிதா சட்டென்று பிறந்துவிட்டாள். சந்து முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.

ஜூலை 11, வியாழன்
வெயில். துணியெல்லாம் நாற்றம்.

நானாகவே டீச்சரிடம் போனேன். இதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் சொல்ல முடியாதாம். தண்ணீர், சீக்கு, பதினெட்டு முடிந்ததும் எனக்கு ஆன கல்யாணம், எல்லாம் சேருமாம். ஆனால் தாய் பட்டினி கிடந்தால் பிள்ளை சின்னதாகத்தான் பிறக்கும் என்றார். முட்டை, பருப்பு கொடுங்க, இன்னும் வளருவா. வீட்டுக்கு வந்து அழுதேன். யார் மேல் கோபப்பட? அத்தையையும் இப்படித்தானே பயமுறுத்தியிருப்பார்கள்.

ஜூலை 14, ஞாயிறு
மீன் குழம்பு. செல்வி ரெண்டு கவளத்தோடு தட்டைத் தள்ளினாள்.

"ஏம்ட்டி?"

"போதும்க்கா. உங்களுக்கு ஆன மாதிரி லேசா ஆவணும்லா."

அத்தை, "அவ சரியாத்தான் சொல்லுதா" என்றார்.

"லேசா ஆச்சுன்னா, பிள்ள இத்தினியூண்டு இருந்துச்சு செல்வி. அதான் லேசா ஆச்சு."

செல்வி கவிதாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "பயமா இருக்குக்கா" என்றாள், தட்டை என் பக்கம் நீட்டிக்கொண்டே.

ரெண்டு கரண்டி சோறு போட்டேன். சாப்பிட்டாள்.