வாசல் வழியாக ஒரு நாள்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் இடுப்பு வலி தேவலையா? பாப்பாவுக்குச் சளி விட்டதா? அத்தையையும் மாமாவையும் கேட்டதாகச் சொல்.

கட்டடத்துக்கு வெளிப்பக்கம் பெயிண்ட் அடித்து முடித்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை இந்த ஊரை விட்டுக் கிளம்புகிறேன்.

போன வாரம் மோட்டார் மக்கர் பண்ணி, பெயிண்ட் அடிக்க நான் நின்றிருந்த தொங்கு தொட்டில் ஒன்பதாம் மாடியில் ஒரு வீட்டு ஜன்னலுக்கு எதிரே நின்றுவிட்டது. பதறாதே, ஒன்றும் ஆகவில்லை. காற்றுதான் கொஞ்சம் தாலாட்டியது. அந்த வீட்டு அம்மா ஜன்னல் கம்பிக்கு நடுவே கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கீழ பாக்காதீங்க தம்பி, என்னைப் பாருங்க. வீட்ல யார் யார் இருக்காங்க?"

பாப்பாவுக்குப் பல் முளைத்தது வரை சொல்லிவிட்டேன். மோட்டார் ஓடும்வரை அவர் கையை விடவில்லை.

இன்று அவரிடம் சொல்லிக்கொண்டு வர, முதல்முறையாக லிஃப்டில் போய் மணியடித்தேன். "அட, உங்களுக்கு வாசல் வழியாவும் வரத் தெரியுமா!" என்று சிரித்தார். இவ்வளவு பெரிய ஊரில், போய்வருகிறேன் என்று சொல்ல எனக்கு இருந்தவர் அவர் ஒருவர்தான்.

நீலச் சட்டைக்குப் பொத்தான் தைத்து வை. இங்கே சரியாகத் தூக்கமில்லை, மெத்தையை வெயிலில் போடு. ஸ்டேஷனுக்குப் பாப்பாவையும் தூக்கி வா. இதை உன்னிடம் சேர்க்கப்போகும் மேஸ்திரி செருப்பை மாட்டிக்கொண்டு அவசரப்படுத்துகிறார். பாப்பா என்னை யாரென்று தெரியாமல் அழுதால் சிரிக்காதே. நான் அழுதாலும்தான்.

உன்னவன்